சங்குக்காரி கண்ணை மூடினால்

சுமலதாவுக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனச்சிதறல் இருப்பதைக் கண்டுபிடித்தது, அவள் மகளுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில்தான். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் பாடத்தைக் கவனிக்காமல் ஜன்னலையே பார்க்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியதால், புருஷன் பாலுவின் ஜீப்பில் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போய் டாக்டர் விஜயாவைப் பார்த்தார்கள். டாக்டர் பிள்ளையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சுமலதா எழுந்து போய்ச் சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கினாள். போன மாதத்தின் தாளைக் கிழித்தாள். கிழித்த தாளில் படகு மடித்தாள். பிறகு டாக்டரின் பேனாவைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்கை எங்கோ பறக்கவிட்டு, அதைத் தேடிக்கொண்டு மேஜைக்கு அடியில் போனாள். தலையை வெளியே எடுத்தபோது டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா நல்லா இருக்கா. கொஞ்சம் கனவு காண்றா, அவ்வளவுதான்" என்றார். "உங்களைப் பத்திப் பேசலாமா?"

பாலு வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சுமலதாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முப்பத்திரண்டு வயது வரைக்கும் அவளைச் சோம்பேறி என்றார்கள், பொறுப்பில்லாதவள் என்றார்கள், தலையைக் கழற்றி வைத்தால் அதையும் மறந்துவிட்டு வருவாள் என்றார்கள். அத்தனைக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும் தியானமும் செய்யச் சொன்னார். "மனசு ஓடும். ஓடுனதத் திட்டாதீங்க. ஓடிருச்சுன்னு தெரிஞ்சதும் திரும்ப மூச்சுக்குக் கூட்டிட்டு வாங்க. அந்தத் திரும்பி வர்றதுதான் பயிற்சியே."

இதெல்லாம் இன்னொருத்திக்கு வந்திருந்தால் அவளோடு போயிருக்கும். சுமலதாவுக்கு வந்ததில்தான் ஒரு மலையே மாட்டிக்கொண்டது. ஏனென்றால் குன்னூருக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் சங்கு ஊதும் வேலை அவளுடையது.

பெயருக்கு அவள் ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க். ஆனால் சங்கின் சுவிட்ச் ஆபீஸ் சுவரில் இருந்ததால், யார் அங்கே கிளார்க்கோ அவர்தான் சங்குக்காரர் என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த வழக்கம். காலையில் இரண்டு முறை ஊதினால் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலையேறுவார்கள். சாயங்காலம் நாலரைக்கு ஒரே ஒரு நீள ஊதல். அதைக் கேட்டதும் இறங்கி வீட்டுக்குப் போவார்கள். எல்லோர் இடுப்பிலும் இன்றைக்கு மொபைல் இருக்கிறது, மணி எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சங்கு ஊதாமல் ஒரு கை கொழுந்தை விட்டு நகராது.

அலாரம் வைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்பீர்கள். வைத்தாள். அலாரம் அடிக்கும், அவள் அணைப்பாள், சுவிட்சைப் பார்த்து நடப்பாள். வழியில் பூந்தொட்டி வாடியிருக்கும். தண்ணீர் எடுக்கப் போனால் குழாய் ஒழுகும். குழாய்க்கு நூல் தேடினால் அலமாரி அலங்கோலமாகக் கிடக்கும். அலமாரியை அவள் பாதி அடுக்கி முடிக்கும்போது வெளியே பெண்கள் வரிசையாக வந்து நின்று, "ஏங்கண்ணு, இன்னிக்கு நாங்க இங்கயே படுத்துக்கறதா?" என்று கேட்பார்கள்.

மேனேஜர் ஹெர்பர்ட் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டையில் சுருக்கம் விழுந்தால் கூட அதற்கு விளக்கம் கேட்கிற ரகம். போன மழைக்காலத்தில் சங்கு மூன்றாவது தடவை தவறியபோது, அவர் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தானியங்கி டைமர் வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமலே அலமாரிக்கு மேலே வைத்தார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் தர்றேன், சுமலதா. அதுக்குள்ள இன்னொரு தடவை தப்பாச்சுன்னா இதை மாட்டிடுவேன். அப்புறம் இங்க கிளார்க்குக்கு வேலை கம்மி. கம்பெனிக்கு நெல்லியாளத்துப் பக்கம் ஒரு எஸ்டேட் இருக்கு, அங்க ஆள் கேக்கறாங்க. நீங்க அங்க போக வேண்டியதுதான்."

நெல்லியாளம் இருப்பது மாவட்டத்தின் அந்தக் கோடியில். போனால் மாதம் ஒரு தடவை வீட்டைப் பார்க்கலாம். பாலுவின் ஜீப் ஊட்டியில் டூரிஸ்ட்களுக்கு ஓடுகிறது, மகளின் பள்ளிக்கூடம் குன்னூரில் இருக்கிறது. ராத்திரி மகளுக்குப் பக்கத்தில் படுக்காமல் தன்னால் ஒரு வாரம் கூட இருக்க முடியாது என்று சுமலதாவுக்குத் தெரியும். அந்தப் பெட்டி அலமாரி மேலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அதனால் அவள் ஒரு யோசனை செய்தாள். யோசனை என்னவோ பிரமாதமானதுதான். தியானத்தை நாலு மணியிலிருந்து நாலரை வரை வைத்துக்கொள்வது, அதுவும் சங்கு சுவிட்சுக்கு நேர் கீழே. காலி டீத்தூள் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு உட்கார்ந்தால், முடிந்ததும் கையைத் தூக்கினால் போதும், சுவிட்ச் வந்துவிடும். நடுவில் பூந்தொட்டி இல்லை, குழாய் இல்லை, அலமாரி இல்லை. இனி அலாரம் எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டாள். டாக்டரின் பெயரைச் சொன்னதும் ஹெர்பர்ட்டும் சரி என்றுவிட்டார்.

மொபைலில் தியானம் சொல்லித்தரும் ஒரு செயலியை இறக்கினாள். அதில் ஒரு பெண் குரல், இட்லி மாவு புளிக்கிற வேகத்தில் பேசியது. "மெல்...ல... மூச்சை... உள்ளே..." சுமலதாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டாள். சீக்கிரம் நிம்மதி அடைந்துவிட்டால் மற்ற வேலையைப் பார்க்கலாமே.

முதல் மூன்று நாளும் ஹெர்பர்ட் எதிரே உட்கார்ந்து நேரம் பார்த்துச் சொன்னதால் சங்கு சரியாக ஊதியது. நாலாம் நாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமை குன்னூரில் தேயிலை ஏலம். ஏலம் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது. இருந்தாலும் ஹெர்பர்ட் புரோக்கர் ஆபீசுக்குப் போய், மற்ற எஸ்டேட் மேனேஜர்களோடு பிரியாணி சாப்பிட்டு, ஏலம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கவலைப்பட்டுவிட்டு ஆறு மணிக்குத்தான் திரும்புவார்.

அன்று சுமலதா தனியாகக் கண்ணை மூடினாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. திமிங்கிலம் எப்படித் தூங்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. மூச்சுக்குத் திரும்பினாள். பாலுவிடம் அப்பளம் வாங்கச் சொன்னோமா என்று வந்தது. திரும்பினாள். இடது முழங்கால் அரித்தது. திரும்பினாள். இப்படியே ஒரு யுகம் போனது. ஐயோ, எவ்வளவு நேரமாகிவிட்டது, நாலரை தாண்டியிருக்குமே, பெண்கள் இருட்டில் நிற்பார்களே என்று பதறினாள். கை தானாக மேலே போனது. சங்கு ஊதியது.

கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு ஐந்து.

ஊதிய சங்கைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. மலை முழுக்கப் பெண்கள் கொழுந்துப் பையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். எடை போட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஸ்திரி ரவிச்சந்திரன், நேரம் தவறாத மனுஷன், கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்து முடிந்தது.

மறுநாள் மருதாயி ஏலக்காய் தட்டிப் போட்ட டீயோடு ஆபீசுக்கு வந்தாள். மருதாயிதான் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் முன்னத்தி. சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். மேனேஜரை இன்னும் தொரை என்பாள், லைன் வீட்டை லயம் என்பாள். எந்த விஷயத்தில் லாபம் இருக்கிறது என்பது அவள் மூக்குக்கு முதலில் தெரிந்துவிடும்.

"கண்ணு, நீ தியானம் பண்றியாமே. மனசுக்கு எம்புட்டு நல்லது! வெசாலக்கெழம வெசாலக்கெழம விடாம பண்ணு புள்ள."

"அக்கா, நேத்து நான் தப்பா..."

"தப்பா? யாரு சொன்னா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அடுத்த வியாழக்கிழமைக்குள் சாக்கின் மேலே ஒரு மெத்தை வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஊதுபத்தி வந்தது. நாலு மணிக்கு ஆபீஸ் கூரையில் குரங்கு குதிக்காமல் இருக்க ஒருத்தி கம்போடு நின்றாள். கொழுந்து குறைந்தால் மேனேஜருக்கு மூக்கில் வியர்க்கும் என்பதால், வியாழக்கிழமை மட்டும் பெண்கள் பேச்சைக் குறைத்துக் கை வேகத்தைக் கூட்டினார்கள். எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை. ஒரு பெண்ணின் தியானத்துக்கு இத்தனை பேர் துணை நின்றதை நீலகிரி பார்த்திருக்காது.

சுமலதாவுக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் இந்த முறை சரியாக உட்கார்ந்துவிடுவேன் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். உட்காரவும் முயன்றாள். மூன்று நிமிஷம் ஒரு மணி நேரமாக நீளுவதை அவள் என்ன செய்வாள்?

ஒரு நாள் சங்கு ஊதியபின் ஆபீஸ் வாசலில் நின்று மருதாயி மேலே கையைக் காட்டினாள். ஆறாம் நம்பர் காட்டுக்கு மேலே சோலை ஓரத்தில் கறுப்பாக நாலைந்து உருவங்கள் அசைந்தன.

"காட்டெருமைங்களப் பாரு. அதுகளுக்கும் நம்ம சங்குதான். அந்திக்கு ஒத்தச் சங்கு ஊதினா நாம எறங்குறோம், அதுக புல்லு மேய வருதுக. காலையில ரெட்டச் சங்கு ஊதினா சோலைக்குள்ள போயிருதுக. சம்பளம் மட்டுந்தான் கெடையாது."

சுமலதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறந்தும் போனாள்.

இப்படியே ஓடியிருந்தால் கதையில்லை. நடந்தது என்னவென்றால், நவம்பர் பிறந்ததும் தியானம் பலிக்கத் தொடங்கியது. மாத்திரையும் ஒரு பக்கம் வேலை செய்திருக்கலாம். அந்தப் பெண் குரலை இரண்டு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்குக் குறைத்தாள். திமிங்கிலம் வந்தது, போனது. யுகம் கழிந்ததுபோல் இருந்தபோது, இது என்னுடைய பழைய யுகம், ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. அந்த வியாழக்கிழமை சங்கு நாலரைக்கு ஊதியது. அடுத்த வியாழக்கிழமையும் அப்படியே. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே பாலுவுக்கு ஃபோன் செய்து, "மாமா, நான் நெல்லியாளம் போகமாட்டேன்" என்றாள்.

மலையில் ஒரே துக்கம்.

"என்னா புள்ள, ஒடம்புக்கு ஆகலியா?" என்று மருதாயி கேட்டாள். "முன்ன மாதிரி தியானம் பண்றதில்லியே நீ."

"இப்பத்தான்க்கா ஒழுங்கா பண்றேன்."

"அதான் பாத்தேன்" என்று பெருமூச்சு விட்டாள் மருதாயி.

அவள் சும்மா இருக்கிற ஆளில்லை. டிசம்பர் முதல் வியாழக்கிழமை, நாலு மணிக்குச் சற்று முன்னால் ஆபீஸ் ஜன்னலில் வந்து முகத்தை வைத்தாள்.

"சேதி தெரியுமா? நம்ம டிஸ்பென்சரி நர்சு ஷண்முகப்ரியா இருக்குதே, அது ஊட்டு வாசல்ல ராத்திரி ஒரு குதிர கட்டிக் கெடந்திச்சி. வெள்ளக் குதிர. சேணமெல்லாம் போட்டு."

"குதிரையா! யாருதுக்கா?"

"அதக் கேட்டா நீ மயங்கி விழுந்துருவ." மருதாயி அக்கம்பக்கம் பார்த்தாள். "எனக்கு மலையில வேல கெடக்கு. சங்கு ஊதினப்புறம் வந்து மீதியச் சொல்றேன்."

போய்விட்டாள். பாவி, ஏ.டி.எச்.டி. உள்ள ஒருத்தியிடம் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியைச் சங்குக்குப் பின்னால் கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சுமலதா கண்ணை மூடினாள். மூச்சு உள்ளே. குதிரை. மூச்சு வெளியே. வெள்ளைக் குதிரை. வெலிங்டன் மிலிட்டரிக்காரர் யாராவது இருக்குமோ? மூச்சு. ஊட்டி ஏரிக்கரையில் சவாரி விடுகிறவனோ? மூச்சு எங்கே போனது என்றே தெரியவில்லை. குதிரை மட்டும் நின்றது. பிறகு பழைய யுகம் வந்து மேலே கவிந்தது. அது பழைய யுகம் என்று தெரிந்துகொள்ள வேண்டியவள் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு எங்கோ போயிருந்தாள். கை மேலே போனது. சங்கு ஊதியது.

மணி நாலு ஏழு.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கீழே கேட்டில் ஜீப் ஹாரன் கேட்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு மேனேஜருக்கு வயிற்று வலி, பிரியாணி ரத்து. ஹெர்பர்ட் சீக்கிரம் திரும்பிவிட்டார். அவர் ஜீப்பை நிறுத்திவிட்டு மேலே வந்தபோது, பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு எதிரே இறங்கினார்கள். எஸ்டேட் முழுவதும் கையும் களவுமாகப் பிடிபட்டது.

ஹெர்பர்ட் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடத் தேவலாம் என்று சுமலதாவுக்கு இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அலமாரி மேலிருந்த பெட்டியைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பெட்டியை எடுத்துத் தூசியைத் துடைத்தார்.

"சார்..." என்றாள் சுமலதா. மகளின் முகம்தான் முன்னால் நின்றது. ராத்திரியில் அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை, இனி யார் காதைப் பிடிக்கும்?

அப்போது வாசலிலிருந்து மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது. மருதாயி. ஜீப்பைப் பார்த்ததும் ஓடி வந்திருந்தாள். தான் கட்டிவிட்ட குதிரை என்ன செய்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தொரை, அந்தப் புள்ள மேல தப்பில்ல. ஆறாம் நம்பர்ல காட்டெருமைங்க வந்திருச்சி. பொம்பளைங்க கத்தினோம். அதான் சங்க ஊதி எறக்கிவிட்டிச்சி."

ஹெர்பர்ட் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை?"

"ஒரு ஏழெட்டு இருக்கும்."

"சுவிட்சுகிட்ட நின்னா ஆறாம் நம்பர் தெரியாது. சுமலதா, நீங்க பாத்தீங்களா?"

சுமலதா மேஜையில் கிடந்த பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"நான் போய்ப் பாக்கறேன்" என்றார் ஹெர்பர்ட். "காட்டெருமை இல்லேன்னா, நாளைக்குக் காலையில டைமரை மாட்டறோம். மருதாயிம்மா, உங்களுக்கும் அப்ப பேச்சு இருக்கு."

அவர் போனதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க்கா, நெசமாவே வந்துச்சா?"

"ஒரு கண்ணுக்குட்டி கூட இல்ல" என்று மருதாயி மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஆறாம் நம்பருக்கு ஜீப் போகாது, ஏறித்தான் போகவேண்டும். சுமலதா ஜன்னலோரம் நின்றாள், நடந்தாள், உட்கார்ந்தாள், பென்சிலைச் சீவினாள். பென்சில் பாதிக்குமேல் தீர்ந்தபோது மொபைல் அடித்தது. ஹெர்பர்ட்.

"சுமலதா." குரல் காற்றாக வந்தது. "நிக்குது."

"எது நிக்குதுங்க சார்?"

"அதேதான்."

அவர் கொழுந்து எடை போடும் ஷெட்டில் இருந்தார். நாலு தூண், மேலே தகரம், நடுவில் ஒரு சிமெண்ட் திண்டு. சுவர் கிடையாது. காட்டெருமை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பொய்யைப் பிடித்த மகிழ்ச்சியில் திண்டின் மேல் உட்கார்ந்து ஷூவில் போன கல்லை எடுத்திருக்கிறார். நிமிர்ந்தால் சுற்றிலும் கூட்டம். சோலையிலிருந்து சத்தமே இல்லாமல் இறங்கி வந்திருக்கிறது. பெரிய ஆண் ஒன்று ஷெட்டின் தகரத்துக்குக் கீழேயே வந்து நின்றுகொண்டது.

சுமலதா மொபைலைக் காதோடு அழுத்தினாள். இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று வேகவேகமாக, அது சாருடையது. இன்னொன்று நிதானமாக, ஆழமாக, ஃபேக்டரியில் இலை உலர்த்துகிற ட்ரையர் மாதிரி வந்தது.

"ஓடாதீங்க சார். ஓடுனா விரட்டும்."

"ஓடிருவேனோன்னு பயமா இருக்கு."

அந்த நிமிஷத்தில் சுமலதாவுக்குத் தெரிந்த ஒரே வித்தை தியானம்தான். அதையே எடுத்தாள். "சார், மூச்ச மட்டும் கவனிங்க. மெல்ல... உள்ள... இழுங்க..." அவளையறியாமல் அந்தச் செயலிப் பெண்ணின் குரலிலேயே பேசினாள். இரண்டு மடங்கு இல்லை, ஒன்றரை மடங்கு இல்லை, அசல் வேகம். "தோளைத் தளர விடுங்க. எண்ணம் வந்தா வரட்டும், விரட்டாதீங்க."

"எண்ணம் இல்லம்மா. கொம்பு."

"கொம்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க சார். தெரிஞ்சுட்டு திரும்ப மூச்சுக்கு வாங்க."

அவர் வந்தார். வேகமான மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மற்ற மூச்சின் தாளத்துக்கு வந்தது. சுமலதா அசையவில்லை. முழங்கால் அரித்தது, சொறியவில்லை. குதிரை வந்து நின்றது, அதைப் பார்த்துவிட்டு மொபைலுக்குத் திரும்பினாள். அவள் விட்டுவிட்டுப் போனால் அங்கே ஒரு மனுஷன் தனியாகிவிடுவான் என்பது மட்டும் தெரிந்தது. எதிரே மருதாயி வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மருதாயி சொல்லி ஃபாரஸ்ட்காரர்களுக்கு மேஸ்திரி ஃபோன் செய்திருந்தார், அவர்கள் வந்துசேர நேரமாகும் என்றார்கள். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. சுமலதாவின் மனம் மறுபடி எழுந்து எங்கோ நடந்தது, அது போகிற போக்கில் மருதாயியின் பழைய வாக்கியம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தது. சம்பளம் மட்டும்தான் கிடையாது.

"அக்கா," என்றாள் மொபைலைப் பொத்திக்கொண்டு, "அதுங்க வந்தது நான் ஊதுன சங்குக்குத்தான்! நான் ஊதுனேன், நீங்க எறங்கிட்டீங்க, அதுங்க வந்துருச்சு. காலையில எத்தனை சங்கு?"

மருதாயியின் கண் விரிந்தது. "ரெண்டு!"

"சார், சங்கு ஊதப்போறேன். அசையாதீங்க."

கையைத் தூக்கினாள். ரெட்டைச் சங்கு, காலைச் சங்கு, அந்திப் பனியில் மலை முழுக்க முழங்கியது. கீழே லைன் வீடுகளில் பெண்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். டீ குடித்துவிட்டுக் கண்ணயர்ந்த ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள்.

மொபைலில் ஆழமான மூச்சு ஒரு தடவை நின்றது. பிறகு குளம்புச் சத்தம். பிறகு ஹெர்பர்ட்டின் குரல், சின்னப் பிள்ளையின் குரல் போல.

"போகுது, சுமலதா. எல்லாம் வரிசையா சோலைக்குள்ள போகுது."

அவர் ஒரு காலில் ஷூ இல்லாமல் இறங்கி வந்தார். ஆபீசுக்குள் வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, நாற்காலியில் உட்கார்ந்தார். சுமலதாவுக்கு மனசு பொறுக்கவில்லை. இவ்வளவு நேரம் மூச்சோடு மூச்சாக இருந்த மனுஷனிடம் எப்படிப் பொய் சொல்வது?

"சார், நான் காட்டெருமையைப் பாக்கலீங்க. நேரம் தெரியாமத்தான் சங்க அழுத்திட்டேன்."

மருதாயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஹெர்பர்ட் சுமலதாவைக் கனிவோடு பார்த்தார். "பாக்கலையா? அரை மணி நேரம் அது மூச்சு என் மூஞ்சியில பட்டுச்சு. அடக்கம் நல்லதுதான் சுமலதா, அதுக்காக இப்படியா?" டைமர் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "பங்களாவுல கீசரை அணைக்கத் தினமும் மறந்துடறேன். இது அங்க ஆகட்டும். கிறிஸ்துமஸ் கணக்கெல்லாம் விடுங்க. நெல்லியாளத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அவர் போனதும் சுமலதா சாக்கில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அழுகை ஓய்ந்ததும் முதல் வேலையாக, "குதிரை யாருதுக்கா?" என்றாள்.

"குதிரயே இல்ல புள்ள" என்றாள் மருதாயி.

அடுத்த வியாழக்கிழமை ஹெர்பர்ட் குன்னூருக்குப் போகவில்லை. தனக்கும் அந்தத் தியானம் வேண்டும் என்றார். அன்றிலிருந்து ராத்திரியில் கொம்பு கொம்பாக வருகிறதாம். நாலு மணிக்குச் சுவிட்சுக்குக் கீழே மெத்தையில் அவர் உட்கார, சுமலதா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். என்ன ஆனாலும் கண்ணைத் திறக்கக் கூடாது என்றாள். அவர் கண்ணை மூடினார். ஆபீசில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி சுருங்கியது. ஒரு தோள் நெளிந்தது. சுமலதாவுக்கு அந்த நெளிவு நன்றாகத் தெரியும்.

"சுமலதா, சங்கு ஊதலையா? நாலரை தாண்டியிருக்குமே."

"மணி நாலு ஆறுதாங்க சார் ஆகுது."

"அப்ப கடிகாரம் நின்னுபோச்சு. நாளைக்கு பேட்டரி மாத்துங்க. அரை மணி நேரமாச்சுன்னு எனக்கே தெரியுது, கால் மரத்துப்போச்சு. பாவம், பொம்பளைங்க நிப்பாங்க, அழுத்துங்க."

"கண்ணத் தொறந்து உங்க வாட்ச்சப் பாருங்க சார்."

"தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

சுமலதா அவரைப் பார்த்தாள். ஒரு நாளும் எதற்கும் தாமதமாகாத, சட்டையில் சுருக்கமில்லாத மனுஷன், ஆறு நிமிஷத்தை அரை மணி நேரமாக நம்பி, பெண்கள் இருட்டில் நிற்பார்களே என்று தவிக்கிறார். இத்தனை வருஷமாக அந்த நேரத்துக்குள் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் பக்கத்தில் இன்னொருத்தர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

உண்மையை இரண்டு தடவை சொல்லியாயிற்று. மேனேஜர் உத்தரவை மீறுவது அழகில்லை. எழுந்துபோய் அவர் தலைக்கு மேலே கையை நீட்டி ஒற்றைச் சங்கை ஊதினாள்.

மலையில் முதலில் ஒரு திகைப்பு, பிறகு மருதாயியின் குலவைச் சத்தம். கீழே மெத்தையில் ஹெர்பர்ட் கண்ணை மூடியபடியே புன்னகைத்தார்.

"முதல் நாளே அரை மணி நேரம் உக்காந்துட்டேன், பாத்தீங்களா?"

"நல்லா உக்காந்தீங்க சார்" என்றாள் சுமலதா.